முறியாத கொம்புகள்

வைகாசி மாதத்தில் ஒரு காலை. ஊரிலுள்ள கணவன்மாரில் பாதிப்பேர் பாயையும் தலையணையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மனைவி வீட்டை விட்டு வெளியேறித் தாய் வீட்டை நோக்கி வரிசையாக நடக்கிறார்கள். இதை வெளியூர்க்காரர் ஒருவர் பார்த்தால் எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றித் தவறான அபிப்பிராயத்துக்கு வந்துவிடக்கூடும். அந்த வரிசையில் நானும் நடந்திருக்கிறேன். என் பாய் புதிது. கலியாணம் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

காரணம் வேறொன்றுமில்லை. கண்ணகி அம்மன் கோயிலில் கொம்பு விளையாட்டுக்கு நாள் வைத்துவிட்டார்கள்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் எங்கள் ஊர். அங்கே பிறக்கும் ஒவ்வொருவரும் வடசேரி அல்லது தென்சேரி என்ற இரண்டில் ஒரு கட்சியில் பிறக்கிறார். வடசேரிக்காரர் வடக்கிலும் தென்சேரிக்காரர் தெற்கிலும் குடியிருக்கவேண்டும் என்ற விதி கிடையாது. ஒரே வளவுக்குள், ஒரே கூரைக்குக் கீழ், ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள் இரண்டு கட்சியாக இருப்பார்கள். பிள்ளை தாயின் கட்சியா தகப்பனின் கட்சியா என்பதில் வேறு இரண்டு கட்சி உண்டு. என் தாயும் தகப்பனும் வடசேரி என்பதால் எனக்கு அந்தச் சிக்கல் இல்லை. என் மனைவி தென்சேரி. அதுவும் சாதாரணத் தென்சேரி அல்ல. அவளுடைய தகப்பன், பெரிய வயற்காரரான போடியார், தென்சேரியின் தலைவர். வடசேரியின் தலைவர் கோயில் வண்ணக்கர், அதாவது கோயில் நிர்வாகத்தைப் பார்ப்பவர். அவர் என் தாயின் கூடப்பிறந்தவர், என் அம்மான். நான் எந்த நிலையில் இருந்தேன் என்பது இப்போது விளங்கும்.

விளையாட்டு இதுதான். காட்டு மரத்தில் கிளை பிரியும் வளைந்த கவரைக் கொக்கி போலச் செதுக்கி, கயிறு சுற்றிக் கொம்பு செய்வார்கள். கட்சிக்கு ஒன்று. இரண்டையும் ஒன்றோடொன்று கொளுவி, இரு புறமும் வடம் கட்டி, ஊரே நின்று இழுக்கும். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தக் கட்சி தோற்றது. வென்றவர்கள் தோற்றவர்களை வாய்க்கு வந்தபடி வசை பாடலாம். அம்மன் குளிர்ந்து மழை தருவாள், நோய் வராது. கொம்பு கட்டிய நாளிலிருந்து முறியும் நாள் வரை ஒரு கட்சிக்காரர் மறு கட்சிக்காரரோடு பேசக்கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, ஒரே வீட்டில் தங்கக்கூடாது. எங்கள் பகுதியில் ஆண்தான் மனைவி வீட்டுக்குப் போய்க் குடியிருக்கிறவன். ஆகவே பாயைச் சுருட்டுகிறவனும் அவனே.

நான் அப்போது கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் காரியாலயத்தில், கிளாக்கர். அந்த மாதம் எனக்குத் திருகோணமலைக்கு இடமாற்றம் வந்திருந்தது. அடுத்த மாதம் முதலாந் தேதி அங்கே வேலையை ஏற்க வேண்டும். மனைவியையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது ஒன்றே என் ஆசை. மாமனார் முதலில் சம்மதிக்கவில்லை. சீதன வீடு இருக்க மகளை வெளியூருக்கு அனுப்புவது அவருக்குப் பழக்கமில்லாத காரியம். நல்ல நாள் பார்த்து, முகத்தைச் சுளித்து, கடைசியில் இப்படிச் சொன்னார்:

"இந்த மாசம் முடியக்குள்ள கூட்டிப் போனாப் போங்க மருமகன். சுணங்கினா மறுகா ஆடி வந்திரும். அதுக்குப் பிறகு வயல் வேலை, அதுக்குப் பிறகு மாரி வெள்ளம். வாற வருஷம் பாப்பம்."

அவர் 'பாப்பம்' என்று சொன்ன காரியம் எதுவும் அதுவரை நடந்ததில்லை. ஆகவே என் குடித்தனம் முழுவதும் ஒரு மரக்கொம்பு நேரத்துக்கு முறிவதில் தங்கியிருந்தது.

பாயோடு வாசல் படலையில் நின்றபோது மனைவியிடம் சொன்னேன்: "பெட்டியைக் கட்டி வை புள்ள. ஒரு பின்னேரத்து வேலைதானே."

"கொம்பு முறிஞ்சா அடுத்த காலை பெட்டியோட இந்தப் படலையில நிப்பன்," என்றாள். "முறியாம ஒரு அடி எடுத்து வைக்கமாட்டன். அம்மன் காரியம்."

"முறியத்தானே போகுது."

"ஓம். உங்கட கொம்புதான் முறியப் போகுது. நீங்க போய் அழுறதுக்கு ஒரு துவாயும் எடுத்துப் போங்க."

அவளுக்குப் பத்தொன்பது வயது. நல்ல குரல். வசை பாடும் பெண்களில் முன்வரிசை அவளுடையது.

முதல் நாள் இழுத்தார்கள். கொம்பு முறியவில்லை. மறுநாள் இழுத்தார்கள். வடம் அறுந்தது, வடசேரிக்காரர் மொத்தமாக மல்லாக்க விழுந்தோம். புது வடம் திரித்து இழுத்தார்கள். இம்முறை தென்சேரி விழுந்தது. கொம்புகள் இரண்டும் கல்லில் செய்தவை போல ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கிடந்தன. முந்திய வருஷங்களில் பொழுது சாய்வதற்குள் முடிந்த காரியம் இழுபட்டு இழுபட்டு ஒரு வாரத்தைத் தாண்டியது.

அதன் விளைவுகளைச் சொல்ல வேண்டும். ஊருக்கு நாவிதர் ஒருவர், அவர் தென்சேரி. துணி வெளுக்கும் கட்டாடியார் ஒருவர்; அவர் வடசேரி. ஆகவே வடசேரியார் நாங்கள் வெள்ளை வெளேரென்ற வேட்டியோடும் முனிவர் தாடியோடும் திரிந்தோம். அவர்கள் மழமழவென்று மழித்த முகத்தோடும் வயற்சேறு மாறாத வேட்டியோடும் திரிந்தார்கள். தூரத்தில் வரும்போதே ஆள் எந்தக் கட்சி என்று தெரிந்தது. சில நாட்களில் எங்கள் பக்கத்தில், தாடி இல்லாத முகத்தில் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். வெள்ளை வேட்டிக்காரனை நம்பக்கூடாது என்று அவர்கள் பக்கத்தில் பேசியதாகக் கேள்வி. நான் கச்சேரிக்கும் தாடியோடுதான் போனேன். தலைமைக் கிளாக்கர் என்னைப் பார்த்து, வீட்டில் துக்கமா என்று கேட்டார். ஒரு வகையில் ஓம் என்றேன்.

இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும், இந்தக் கட்சிக்கும் அந்தக் கட்சிக்கும் இடையே தடையில்லாமல் போய்வந்தவர் ஊரில் ஒருவர்தான். அவர் காத்தான்குடியிலிருந்து தோணியில் துணிப்பொதி கொண்டுவந்து விற்கும் முஸ்லிம் வியாபாரி. ஐம்பது வயதிருக்கும். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் 'காக்கா', அவர்கள் பேச்சில் அண்ணன். அவருக்குக் கட்சி இல்லை. அதனால் கொம்புக் காலத்தில் அவருடைய பொதியில் துணியைவிடச் செய்திதான் அதிகம். "வெள்ளைப் பசு கண்டு போட்டிட்டுதாம்," "மிளகாய் எந்தப் பானையில எண்டு கேக்கிறா," "சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டிட்டுதாம்" என்று கணவன் மனைவியருக்கு இடையே அவரே தபால் இலாகா.

ஒரு காலை துறையில் அவரைப் பிடித்தேன்.

"காக்கா, அவ என்ன சொன்னா?"

"பெட்டி கட்டியாச்சாம் தம்பி. ஆனா கொம்பு முறியாம வரமாட்டாவாம். ஒங்களுக்குத் தாடி வடிவா இரிக்கா எண்டும் கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"ஆடு மாதிரி இரிக்கி எண்டன். பொய் சொல்லேலாதே."

பிறகு பொதியை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினார். குரலைத் தணித்தார்.

"தம்பி, நீங்க படிச்ச ஆள். ஒண்டு சொல்லட்டா? அந்தக் கொம்பு ரெண்டும் முறியாது."

"ஏன்?"

"நான் வெட்டினது."

வழக்கமாகக் கொம்புக்கு மரம் தேடிக் கட்சிக்காரர்களே காட்டுக்குப் போவார்கள். ஆனால் அந்த வருஷம் இரு தலைவர்களுக்கும் ஒரே பயம்: தாங்கள் போகும் வழியை மறு கட்சி ஒளிந்திருந்து பார்த்து, தாங்கள் கண்டுபிடித்த நல்ல மரத்தைத் தானும் கண்டுபிடித்துவிடும். ஆகவே போடியார் யாருக்கும் தெரியாமல் காக்காவிடம் சொன்னார். வண்ணக்கரும் யாருக்கும் தெரியாமல் காக்காவிடம் சொன்னார். கட்சி இல்லாத ஆள் அவர் ஒருவர்தானே. காக்காவின் மச்சான் கதிரவெளிப் பக்கம் விறகுத் தோணி ஓட்டுகிறவர். இருவருமாகக் காட்டுக்குள் போய், இரும்பு போல ஒரு மரத்தைக் கண்டு, அதன் இரட்டைக் கவரை நடுவால் பிளந்து, பாதியைப் போடியாருக்கும் பாதியை வண்ணக்கருக்கும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

"ஒரே மரத்திலயா காக்கா?"

"மறுகா என்ன செய்யிற? ஒருத்தருக்கு நல்லதும் மத்தவருக்கு நோஞ்சானும் குடுத்தா அல்லா கேப்பானே. ரெண்டு பேரும் என்னை நம்பித்தானே சொன்ன?"

அவருடைய நீதியுணர்ச்சியில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த நீதிதான் ஊரை நடுவால் பிளந்து வைத்திருந்தது.

"ஆருக்கும் சொல்லாதீங்க," என்றேன். "நாளைக்குப் பின்னேரம் வரக்குள்ள ஏதாவது யோசிச்சு வைக்கிறன்."

யோசிக்க ஊர் அவகாசம் தரவில்லை. மறுநாள் மத்தியானம் மூன்றாவது வடமும் அறுந்தது. எதிரிக் கொம்புக்குள் இரும்புக் கம்பி இருப்பதாக இரு கட்சியும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்தன. பேசக்கூடாது என்பதால், போடியார் ஆலமரத்தைப் பார்த்துக் குற்றம் சாட்டினார். அம்மான் கோயில் மணியைப் பார்த்துப் பதில் சொன்னார். கடைசியில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினார்கள். இரும்பு இல்லை. ஆனால் பிளந்த முகம் இரண்டும் அச்சொட்டாக ஒன்றையொன்று பார்த்தன. ஒரே மரவைரம், ஒரே கணு, கணுவில் பாதி இதில், பாதி அதில். அம்மான் குனிந்து இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். மரம் தன் பழைய கவராயிற்று.

இரு தலைவர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேருக்கு நேர் பேசினார்கள். பேசியது ஒரே சொல்.

"காக்கா!"

"உங்களுக்குமா குடுத்தான்?" என்றார் போடியார்.

"எனக்கு மட்டும் எண்டெல்லோ நான் நினைச்சன்," என்றார் அம்மான்.

"நம்ம ரெண்டு பேரையும் ஒருத்தன் பேயனாக்கிப்போட்டான் வண்ணக்கர்."

"ஓம் போடியார். நம்மட ஊருக்குள்ளேயே வந்து."

நம்மட ஊர்! அந்த வாரம் முழுவதும் எங்களுக்கு இரண்டு ஊர்கள் இருந்தன. இப்போது ஒன்று. ஒரு வெற்றிலைத் தட்டம் வந்தது. தாடி வைத்தவர்களும் மழித்தவர்களும் ஒரே நிழலில் குந்தினார்கள். மனம் கனிந்து போனது எனக்கு. நான் வேண்டியதும் அதுதானே? விளையாட்டு முடிந்தது போலத்தான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றைக்கே பாயைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போகலாம். மாதம் முடியுமுன் இருவரும் திருகோணமலையில் இருக்கலாம்.

வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

"போன வருஷம் அவரிட்ட வாங்கின சாரத் துணி ஒரே தோயலில சாயம் போச்சு."

"அவர்ர முழக்கோல் அளவில கட்டை. நான் அப்பவே சொன்னன்."

"நம்மட பொம்பிளையளிட கதையெல்லாம் அங்க இஞ்ச கொண்டு திரியிற. அதுக்கு ஆர் விட்ட?"

விட்டது அவர்களேதான். அதைச் சொல்ல யாரும் இல்லை. அந்தத் தபாலின் தயவால்தான் பாதி வீடுகளில் உலை கொதித்தது.

"அந்தாள் மட்டுமில்ல. அவங்கள் எல்லாரும் அப்படித்தான்."

காலையில் அவர் காக்கா. மத்தியானம் அந்தாள். வெற்றிலை ஒரு சுற்று வருவதற்குள் அவங்கள். பின்னாளில் உத்தியோகத்தில் எத்தனையோ ஊர்த் தகராறுகளை விசாரணைக் கோப்புகளில் படித்திருக்கிறேன். காணி, தண்ணீர், கோயில், பள்ளி, மாடு என்று தலைப்பு மாறும். அந்த இரண்டாவது படியிலிருந்து மூன்றாவது படிக்கு ஏறும் இடம் மட்டும் எல்லாக் கோப்பிலும் ஒன்றேபோல இருக்கும். இன்னொன்றும் கவனித்தேன். எங்கள் சண்டையில் முறிவதற்கென்று ஒரு கொம்பு இருந்தது. அது முறிந்தால் எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மற்றச் சண்டைகளில் அப்படி ஒன்றும் கிடையாது. ஆகவே எது முறிந்தால் முடியும் என்று சொல்லவும் ஆள் இல்லை.

"தோணியைத் துறையிலேயே மறிப்பம்," என்றான் ஒருவன். "பொதியைத் தூக்கி வாவியில போடுவம்."

"பொதியை மட்டுமா?" என்றான் மற்றவன்.

அவன் பகிடியாகத்தான் சொன்னான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. சிலர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்கள். வாவியில் தூரத்தில் காக்காவின் தோணிப் பாய் ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது.

எனக்குத் தைரியம் என்று சொல்லத்தக்க குணம் எதுவும் இருந்ததில்லை. எனக்கு இருந்தது ஒழுங்குமுறை பற்றிய அறிவு. இந்தக் கூட்டத்தைக் கலைக்க முடியாது. சேர்ந்த கோபத்துக்கு ஒரு முகவரி வேண்டும். வெறுத்தால் நோகாத, வெறுக்கப்பட்டே பழகிய ஒரு முகவரி. அப்படி ஒன்றைத்தான் நான் சம்பளத்துக்குத் தினமும் வெளியே மாட்டிக்கொண்டு போகிறேன் என்பது நினைவுக்கு வந்தது.

தாய் வீட்டுக்கு ஓடினேன். கச்சேரிக் கோட்டை எடுத்து மாட்டினேன். சப்பாத்துப் போட்டேன். வேட்டிக்கு மேல் கோட்டு, முகத்தில் தாடி. திரும்பி வந்து கூட்டத்தின் நடுவில் நின்று, கச்சேரி அறிவித்தல்களின் குரலில் சொன்னேன்:

"இந்த இரண்டு மரத்துண்டுகளும் அரச முடிக்குரிய காட்டில் அனுமதிச் சீட்டு இன்றி வெட்டப்பட்டவை. அரசாங்கத்தின் பேரில் இவற்றை நான் பொறுப்பேற்கிறேன்."

கச்சேரிக் கிளாக்கருக்கு ஒரு விறகுக் கட்டையைக்கூடப் பறிமுதல் செய்ய அதிகாரம் இல்லை. அது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

"என்ன மருமகன்," என்றார் போடியார், "வெயில் பிடிச்சிட்டுதா?"

"நான் இப்ப மருமகன் இல்ல. கச்சேரி."

"மனே, கோட்டைக் கழட்டு," என்றார் அம்மான் இரக்கத்தோடு. "வேர்த்து ஊத்துது."

"வெட்டினவரைப் பற்றி ஆராவது முறைப்பாடு செய்தால், அல்லது அவர் மேலே கை வைத்தால், வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும்," என்று தொடர்ந்தேன். "போனால் முதல் கேள்வி, வெட்டச் சொன்னது ஆர் என்பது. வெட்டச் சொன்னவர்கள் இப்போதே கையைத் தூக்கினால் நல்லது."

இரு தலைவர்களும் தங்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். வடசேரியும் தென்சேரியும் அவ்வளவு ஒற்றுமையாகச் செய்த காரியத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

பிறகு வெடித்தது.

"அம்மன்ட கொம்பைத் தொட அரசாங்கம் ஆரடா?"

"கச்சேரியில குந்த ஒரு கதிரை கிடைச்ச உடனே துரையாகிட்டாரு!"

"தாடியைப் பாரு, வழக்கைப் பாரு!"

பின்னாலிருந்து ஒரு பிடி சேறு வந்து கோட்டில் ஒட்டியது. எந்தக் கட்சிச் சேறு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போது கட்சி இல்லை. அரசாங்கம் பறிமுதல் செய்தால் சுமப்பதற்குப் பியோன் வருவான். எனக்குப் பியோன் இல்லாததால், தோளுக்கு ஒன்றாக இரண்டு கொம்பையும் தூக்கிக்கொண்டு துறையை நோக்கி நடந்தேன். ஊர் முழுவதும் திட்டிக்கொண்டு பின்னால் வந்தது. திட்டுகிற சுவாரசியத்தில் தாங்கள் வேறு ஒரு வேலையாகத் துறைக்குப் போக இருந்ததை மறந்துபோனார்கள்.

தோணி கரை தட்டியது. காக்கா பொதியோடு இறங்கினார். எதிரே முழு ஊர், முன்னால் சேறு பூசிய நான்.

"காக்கா, நல்ல நேரத்துக்கு வந்தீங்க!" என்றார் போடியார். "நீங்க வெளி ஆள், நியாயம் சொல்லுங்க. அம்மன்ட கொம்பை அரசாங்கம் எடுக்கிறதாம். சரியா?"

காக்கா என் தோளிலிருந்த இரண்டு கொம்பையும் பார்த்தார். கயிறு அவிழ்ந்த பிளந்த முகங்களைப் பார்த்தார். போடியாரையும் வண்ணக்கரையும் பார்த்தார்.

"பிழைதான்," என்றார். "தம்பி செய்தது பெரிய பிழை."

"கேட்டியா! காக்காவே சொல்லுறார்!" என்று ஊர் ஆர்ப்பரித்தது. அம்மான் தன் கையால் அவருக்கு வெற்றிலை நீட்டினார். முழக்கோல் கட்டை என்று சொன்னவன் பொதியை இறக்கக் கை கொடுத்தான்.

கூட்டம் கொஞ்சம் விலகிய நேரம் காக்கா என் பக்கமாக வந்து, கொம்பைத் தடவுவது போல நின்று கேட்டார்:

"தம்பி, நான் வேற வேற மரத்திலயா வெட்டியிரிக்கணும்?"

"ஓம் காக்கா. அடுத்த முறை கொஞ்சம் அநியாயம் செய்யுங்க."

ஊரைக் காப்பாற்றியவர்கள் வீட்டில் அதற்கான விலையைக் கொடுக்கிறார்கள். கொம்பு இல்லாமல் விளையாட்டு இல்லை என்பதால் ஆண்கள் எல்லாரும் பாயைத் தூக்கிக்கொண்டு மனைவி வீடுகளுக்குத் திரும்பினார்கள். நான் மட்டும் திரும்பவில்லை. போடியார் வீட்டுப் படலை எனக்குச் சாத்தியிருந்தது. மகளை இனி அனுப்புவது பற்றி அவர் 'பாப்பம்' என்றுகூடச் சொல்லவில்லை என்று காக்கா செய்தி கொண்டுவந்தார். தபால் சேவைக்கு இப்போது நான் ஒருவன்தான் வாடிக்கை.

புறப்பட வேண்டிய காலை துறைக்கு வந்தேன். இரண்டு கொம்பையும் தோணியில் ஏற்றினேன். ஏற்றத்தான் வேண்டும், அரசாங்கப் பொறுப்பில் எடுத்ததை ஆலமரத்தடியில் போட்டுவிட்டுப் போனால் கோட்டுக்கு மரியாதை இல்லை. என்னை வழியனுப்ப இரு கட்சியும் ஒன்றாக வந்திருந்தது. ஒன்றாக இருந்து ஒரு வசைப் பாட்டும் கட்டியிருந்தார்கள்.

"கோட்டுப் போட்ட கொக்கு ஒண்டு கொம்பு ரெண்டை விழுங்கிச்சாம்!"

இரண்டாவது அடி தொடங்கும் நேரம் பாட்டு தடுமாறி நின்றது. தலையில் தகரப் பெட்டியோடு என் மனைவி வந்துகொண்டிருந்தாள். பின்னால் போடியார் ஓட்டமும் நடையுமாக.

"கொம்பு முறியல்ல எண்டெல்லோ சொன்னாய்!" என்று கத்தினார். "முறியாம அடி எடுத்து வைக்கமாட்டன் எண்டாய்! இப்ப என்ன?"

அவள் பெட்டியைத் தோணிக்குள் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"முறியல்லத்தான் அப்பா. அதுதான் போறன். நம்மட கொம்பு திருகோணமலைக்குப் போகுது. வடசேரிக்காரன்ட கையில தனிய விட்டா என்ன செய்வாங்களோ? ஆர் காவல்?"

தென்சேரித் தலைவரால் அதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. தகப்பன் சொல்லியிருக்கலாம். ஆனால் கொம்பு கட்டிய நாளிலிருந்து தகப்பன் லீவில் இருந்தார். கடைசியில், "பத்திரம்," என்றார். கொம்பைச் சொன்னாரா மகளைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

தோணி நகர்ந்தது. கரையில் பாட்டு மறுபடி தொடங்கியது. அவள் தென்சேரிக் கொம்பைத் தன் காலடியில் இழுத்து வைத்துக்கொண்டு, முகத்தை வாவிப் பக்கம் திருப்பி, கொக்குப் பாட்டைத் தானும் மெல்ல முணுமுணுத்தாள். குரல் நன்றாகத்தான் இருந்தது.

திருகோணமலையில் வாடகை வீடு. எதிர்வீட்டில் யாழ்ப்பாணத்துக் குடும்பம். மட்டக்களப்பார் மந்திரம் தெரிந்தவர்கள், வந்த ஆளைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று அந்த அம்மா கேள்விப்பட்டிருந்தார். எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தபோது வளைந்த கொம்பு ஒன்று தொங்குவதையும், சுவரில் ஒரு பாய் சுருட்டிச் சாத்தியிருப்பதையும் கண்டு, அதோடு எங்கள் படியில் கால் வைக்கவில்லை. மனைவிக்குக் கோபம் வந்தது.

"நம்மட ஊரைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்? அவங்கள் எல்லாரும் அப்படித்தான்!"

நான் அவளைப் பார்த்தேன். அவளும் ஒரு கணம் யோசித்துவிட்டு, "அந்த அம்மா மட்டும்," என்று திருத்தினாள். பின்பு ஒரு கிண்ணத்தில் பால் அப்பம் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். அவர் அதைச் சாப்பிட மூன்று வாரம் எடுத்தது என்பது வேறு விஷயம்.

அடுத்த வருஷம் வைகாசியில் போடியாரும் வண்ணக்கரும் ஒரே வண்டியில் ஏறி, ஒரே சுருட்டுக் கட்டைப் பகிர்ந்துகொண்டு, கொம்புகளை விடுவிக்கும்படி அரசாங்கத்தைக் கேட்கத் திருகோணமலைக்கு வந்தார்கள். அரசாங்கம் வாசலில் வேட்டியோடு நின்று அவர்களுடைய கோரிக்கையைப் பரிசீலித்தது. வெற்றிலை மென்று முடிவதற்குள் பரிசீலனை முடிந்தது. அதற்குமுன் எங்கள் மூன்று மாதக் குழந்தையை இருவரும் மாறி மாறித் தூக்கி, அது எந்தக் கட்சி என்று சண்டை போட்டார்கள். அவர்கள் இருவரோடும் நாங்கள் மூவரும் ஊருக்குப் போனோம். நான் பாயை எடுத்துக்கொண்டேன்.

கோயில் வெளியில் கொம்புகளைக் கொளுவினார்கள். வடம் விறைத்தது. முதல் இழுவையிலேயே எங்கள் கொம்பு காய்ந்த முருங்கைக் கிளை போல 'சடக்' என்றது. வடசேரிக்காரர் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நானும் அப்போதுதான் பார்த்தேன், நினைவில். திருகோணமலை வீட்டில் தென்சேரிக் கொம்பு ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அதற்கு இலுப்பெண்ணெய் பூசப்பட்டது. அம்மன் பொருள் என்பதால் பூசுகிறாள் என்று நினைத்தேன். வடசேரிக் கொம்பு, என்னுடையது, அடுப்புக்கு மேலே தொங்கியது. பூச்சி அரிக்காமல் இருக்கப் புகை நல்லது என்று சொல்லியிருந்தாள். ஒரு வருஷம் முழுவதும் அதன் கீழ் எனக்குச் சோறு சமைத்துப் போட்டாள்.

எதிர்ப்பக்கத்து முன்வரிசையில் அவள் இடுப்பில் குழந்தையோடு நின்று, ஊரே அதிரப் பாடிக்கொண்டிருந்தாள். கொக்குப் பாட்டுக்குப் புதிதாக நாலு அடி சேர்த்திருந்தாள். எல்லாம் என்னைப் பற்றியது.

வடசேரியார் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு போடியார் வீட்டுப் படலைக்குப் போய் அவளிடம் விளக்கம் கேட்டேன்.

"என்னை ஏன் கேக்கிறீங்க?" என்றாள், குழந்தையை என் கையில் தந்தபடி. "ரெண்டு கொம்பும் அரசாங்கத்திட பொறுப்பிலதானே இருந்தது?"